நம்பி விழும் பயிற்சி

திருவனந்தபுரத்தில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் நான் நடத்திய பாடம், நிறுவனங்களுக்குள் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது. தனியாக இருக்கும்போது எப்படி, கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி, மேலதிகாரி பார்க்கும்போது எப்படி, பார்க்காதபோது எப்படி. இதைக் கற்றுக்கொடுக்க எங்கள் துறையில் ஒரு தலைவரும் அவருக்குக் கீழே ஒரு மேசை நிறைய ஆசிரியர்களும் இருந்தோம். மனித நடத்தையைப் பற்றி இத்தனை படித்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை கேவலமாக நடந்துகொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

துறைத் தலைவருடைய சிறப்புப் பாடம் நம்பிக்கை. ஒரு நிறுவனத்தில் நம்பிக்கையை எப்படி வளர்ப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். அவர் கை கழுவப் போகும்போதும் மேசை இழுப்பறையைப் பூட்டி, பூட்டியது பூட்டித்தான் இருக்கிறதா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். பூட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு சீப்பும் செரிமான மாத்திரையும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு மேலே இயக்குநர். இயக்குநர் அறைக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து நின்று கும்பிட்டு, குட் மார்னிங் சார் என்பார்கள். எழுந்து நிற்பது மரியாதை, அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் இவர்கள் எழுந்தது மரியாதையில் அல்ல. முட்டியில் டாக்டர் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எழும்புமே, அந்த மாதிரி. ஒரு மதியம் இயக்குநர் கதவைத் திறந்ததும் மடியில் டிபன் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அப்படியே எழுந்தார். அவியல் முழுவதும் தரையில். அந்த அவியலுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் கைகூப்பினார். இயக்குநர் பதிலுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் இவர் கீழே பார்த்தார்.

நான் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தேன். இரண்டாவது வருடம் முடிகையில் தலைவர் மதிப்பீடு எழுதுவார், இயக்குநர் கையெழுத்துப் போடுவார். ஒன்று வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இந்த ஊரில் தனியார் கல்லூரிக்காரர்கள் நேற்று படித்து முடித்த பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். வலியசாலையில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான்தான். ஆகவே இந்த வேலை எனக்கு வேண்டும். பாடத்தின் மேல் காதல், கல்விச் சேவை என்றெல்லாம் சொல்லி நான் யாரையும் ஏமாற்றப் போவதில்லை.

துறையில் எல்லாருக்கும் மலையாளம். எனக்கும் அது பள்ளிக்கூடத்திலிருந்தே தாய்மொழிக்குச் சமம். ஆனாலும் வாய் ஓயாமல் தமிழில் பேச ஒருத்தி கிடைத்தாள். குழித்துறைப் பக்கத்திலிருந்து தினம் ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கி, பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவள், என்னைப் போலவே ஒப்பந்தம், என் வயதுதான். என் அக்ரகாரத் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவளுடைய தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். மத்தியானம் இரண்டு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்து துறையிலுள்ள ஒவ்வொருவரையும் வறுத்தெடுப்போம். அந்தக் கல்லூரியில் எனக்கு உண்மையாகவே பிடித்த ஒரே நேரம் அது.

வருடத்துக்கொரு முறை தலைவர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் குழு உணர்வு ஊட்டுவார். அந்த வருடம் விழிஞ்ஞம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு விடுதி. புல்வெளியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அங்கே சரக்குப் பெட்டிகளை நிஜமாகவே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் ஒருவர் கண்ணை ஒருவர் கட்டி, பலூன் ஊதி, கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். நரைத்த தலைகளெல்லாம் பலூனை உடைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டதைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

கடைசியாக, நம்பி விழும் பயிற்சி. விடுதியின் சாப்பாட்டு மேசை ஒன்றைப் புல்லில் கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் அதன்மேல் ஏறி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று எல்லாரும் கைகளை நீட்டியிருப்பார்கள். மேலே நிற்பவர் "விழட்டுமா?" என்று கேட்பார். கீழே உள்ளவர்கள் "விழு" என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், அவர்கள் ஏந்திக்கொள்வார்கள். சக ஊழியர்கள் மேல் நம்பிக்கை இப்படித்தான் வருமாம்.

யார் முதலில் என்று கேட்டபோது எல்லாரும் புல்லையே பார்த்தார்கள். மதிப்பீடு மாதம் நெருங்கியிருந்தது. நான் ஏறினேன். குழுவோடு ஒத்துப்போகிறவள் என்று தலைவர் மனதில் பதியட்டும் என்றுதான் ஏறினேன். "விழட்டுமா?" என்றேன். "விழு" என்று கோரஸாகச் சொன்னார்கள். அதில் என் சிநேகிதியின் குரல் தனியாகக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து இயக்குநருடைய கார் விடுதி வாசலில் வந்து நின்று, அவர் இறங்கியிருக்கிறார்.

அவர் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. போகிற வழியில் பயிற்சியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாம். அவரைக் கண்டதும் இரண்டு வரிசையும் அந்தப் பக்கம் திரும்பி, நீட்டியிருந்த கைகளை மடக்கி, கும்பிட்டு, குட் மார்னிங் சார் என்றது. குட் மார்னிங் என்பது எனக்குக் காதில் விழுந்தது. சார் என்பது விழுவதற்குள் நான் தரையில் கிடந்தேன். புல்லுக்கு ஓரமாகச் செங்கல் பதித்திருந்தார்கள். இடது மணிக்கட்டு அதன்மேல் போய் மாட்டியது. உள்ளே என்னவோ உடைந்த சத்தத்தையும் நான் கேட்டேன். இயக்குநர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, "இதென்ன, யோகாவா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்த பிறகு அம்மா, "இவாள்லாம் குழந்தேளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறாளாக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது. முதல் நாள் துறையின் வாட்ஸாப் குழுவில், "ஒரு நிமிடம் எல்லாருடைய கவனமும் சிதறிவிட்டது, வருந்துகிறோம்" என்று போட்டார்கள். இரண்டு நாளில் அது, "டீச்சர் சற்று முன்கூட்டியே சாய்ந்துவிட்டார்" என்றானது. வாரம் முடிவதற்குள், நேராக விழாமல் இடுப்பை வளைத்துவிட்டேன் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அடுத்து, எனக்கு எப்போதுமே ஒரு பதற்றம் உண்டு, பிறரை நம்பாத சுபாவம், விழுகிறபோது அந்த அவநம்பிக்கையால்தான் உடம்பு இறுகியிருக்கும் என்று தலைவர் விளக்கினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

இதில் ஒருவராவது முழுப் பொய் சொல்லியிருந்தால் அந்த ஆளைக் கொஞ்சம் மதித்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினார்கள், அவ்வளவுதான். "சார் வந்ததால் கையை எடுத்துவிட்டோம்" என்கிற ஒரு வாக்கியத்தை அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சார் ஒரு காரணமாகிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பதற்காக என் இடுப்பு, என் சுபாவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என் ஜாதகம்வரை போயிருப்பார்கள்.

நடந்ததைப் பரிசீலிக்க ஒரு கூட்டம் நடக்கும், இயக்குநரே தலைமை வகிப்பார் என்று அறிவித்தார்கள். பயிற்சியை நடத்திய துறைத் தலைவரே நடந்ததை விளக்குவாராம். அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று அங்கே முடிவானால் மதிப்பீட்டிலும் அதுதான் வரும். வேலை போய்விடும். கூட்டத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால்தான் உண்டு. அந்த ஒருவர் யாராக இருக்க முடியும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேந்திரம்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என் கட்டைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நானும் கும்பிட்டேன் பிள்ளே. எனக்க கையி தன்னால போச்சு. ஒன்னப் பிடிக்கணும்னு நின்ன கையி."

"தெரியும். அழாதே. கூட்டத்துல சொல்லுவியா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் மதிப்பீடு வருது, கேட்டியா. ரெண்டு பிள்ளைய படிக்கி."

"நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை. கேக்கறேன், அவ்வளவுதான்."

"சொல்லுதேன்," என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் மறுபடியும், "சொல்லத்தான் செய்யணும்," என்றாள். நான் அதை நம்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் அந்தத் துறையில் இருந்தவளுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கட்டைப் பிரித்து இரண்டு நாள் கழித்துக் கூட்டம். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், தட்டில் பருப்புவடை. தலைவர் எழுந்து, தனிமனிதப் பதற்றம் எப்படிக் குழுவின் செயலைப் பாதிக்கிறது என்று அம்புக்குறிகளெல்லாம் போட்டுத் திரையில் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு குழு, வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. புள்ளி நான். வேறு கருத்து யாருக்காவது உண்டா என்று இயக்குநர் கேட்டார். எல்லாரும் பருப்புவடையைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். மலையாளம் அவளுக்குக் கோபத்திலும் பயத்திலும் தடுக்கும். அன்றைக்குத் தடுக்கவில்லை. "டீச்சர் கேட்டாங்க. நாங்க விழுன்னு சொன்னோம். அவங்க விழுந்தாங்க. அந்த நேரம் சார் வந்தீங்க. நாங்க எல்லாரும் கையை எடுத்து உங்களைக் கும்பிட்டோம். நானும்தான். இதுதான் நடந்தது," என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என் வாழ்க்கையில் யாரையும் அந்த நிமிடம் நேசித்ததுபோல் நேசித்ததில்லை.

எல்லார் கண்ணும் இயக்குநர் முகத்தில். அவர் மெதுவாகச் சிரித்தார். பிறகு கைதட்டினார்.

"இதுதான், இதுதான் நான் எதிர்பார்த்தது," என்றார். "பயமில்லாமல் மனம் திறந்து பேசுகிற பண்பாடு. பயிற்சியின் பலன் இதோ நம் கண் முன்னால்." அவ்வளவுதான், மேசை முழுவதும் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் தலைவர். சற்று முன் என்னைப் புள்ளியாக்கிய அதே கைகள். ஒவ்வொருவராக எழுந்து, ஆமாம், நாமெல்லாருமே பொறுப்பு என்றார்கள். நாமெல்லாரும் என்பதில் விழுந்த நானும் சேர்த்தி. பொறுப்பை இத்தனை பேருக்குப் பங்கு போட்டதும் யார் பங்கிலும் ஒரு கடுகளவுகூடத் தேறவில்லை. உண்மையை மூடி மறைப்பார்கள் என்று நான் பயந்திருந்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. வடையோடு சேர்த்து அதையும் தின்று ஏப்பம் விட்டார்கள்.

அப்போதுதான் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. நம்பிக்கை எங்கே உடைந்ததோ அங்கேயே அதை ஒட்டவைத்துவிட வேண்டும், டீச்சர் இப்போது இங்கே இன்னொரு முறை விழட்டும், நாம் பிடித்துக்காட்டுவோம் என்றார். அருமை என்றார் இயக்குநர். அருமை என்றார்கள் எல்லாரும். தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துவிட்டு ஒரு சின்ன மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். இரண்டு வரிசையாக நின்று கையையும் நீட்டிவிட்டார்கள். மணிக்கட்டை முழுதாகத் திருப்பக்கூட என்னால் முடியாது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

என் சிநேகிதி வரிசையில் முதலில் நின்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. உள்ளதைச் சொல்லியும் தலை தப்பிவிட்டது, கைதட்டல் வேறு. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. என்னிடம் தமிழில், "விழுந்துரு பிள்ளே. ஒருக்கா விழுந்துட்டா எல்லாம் தீந்துது. நான் பிடிக்கேன்," என்றாள்.

அவள் பிடிப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் மற்றக் கைகளைப் பற்றி. நான் இயக்குநரைப் பார்த்து, "சார் வரிசையில் நின்றால் விழுகிறேன்," என்றேன்.

இதில் எகத்தாளம் எதுவுமில்லை. அவர் எங்கே இருக்கிறாரோ அந்தப் பக்கம் எல்லாக் கைகளும் போகும். அவரும் வரிசையில் கையை நீட்டி நின்றால் எல்லாக் கைகளும் வரிசையிலேயே இருக்கும். இவ்வளவுதான் விஷயம். வருடக்கணக்கில் இந்தப் பாடம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் அவரை நான் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் அறையே என்னைப் பார்த்தது. இயக்குநர் தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு மீட்டிங் இருக்கிறது, நீங்கள் தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு தொடர ஒருவருக்கும் ஆர்வம் இல்லை. மேசையைப் பழைய இடத்தில் போட்டார்கள்.

மதிப்பீட்டு நாளில் தலைவர் மிகவும் கனிவாகப் பேசினார். என் வகுப்புகள் நன்றாக இருக்கின்றனவாம், மாணவர்களுக்குப் பிடிக்கிறதாம். குழுவோடு மட்டும் ஒட்டவில்லையாம். குழு கையை நீட்டி நின்றபோது நான் மறுத்துவிட்டேனாம்.

"ஒரு தடவை விழுந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும், டீச்சர்?" என்று கேட்டார்.

"ஒரு தடவை விழுந்தேனே, சார்," என்றேன்.

அவருக்கு அது உறைக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். என் சிநேகிதிக்கு வேலை நிரந்தரமானது. துணிந்து பேசியவள் என்று அவளைப் பாராட்டினார்களாம். அவள் தைரியத்துக்கு அந்த மரியாதை தகும், அதை நான் ஒரு நாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வகுப்புகளையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் கரமனையில் ஒரு மாடியறையில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே என்னைத் தவிர ஊழியர் யாரும் இல்லை, அதனால் குழு உணர்வுக்குக் குறைவில்லை. போன வாரம் அவள் கூப்பிட்டாள். ரயிலில் இருந்தாள், இரைச்சலில் கத்திப் பேசினாள். நடந்ததையெல்லாம் ஒரு கேஸ் ஸ்டடியாக எழுதி வகுப்பில் நடத்தும்படி தலைவர் சொல்லியிருக்கிறாராம். நான் விழுந்த கதையையும் கூட்டத்தில் அவள் பேசியதையும் கைதட்டலையும் அவரே வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டாராம். தலைப்பு, நம்பிக்கை திரும்பி வந்தது எப்படி.

"ஒனக்கப் பேரு இருக்காது," என்றாள். "ஒரு ஊழியருண்ணுதான் போட்டிருக்கு."

"சரி. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

"கிளாசுல பிள்ளைய எல்லாம் கேப்பினும். அந்த டீச்சருக்குக் கடைசில என்ன ஆச்சுண்ணு. அது அதுல இல்ல. நான் என்ன சொல்ல?"

"ரெண்டாவது தடவை விழலை, அதனால வேலை போயிடுத்துன்னு சொல்லு."

ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்று, சாயா விற்கிறவன் குரல் வந்து போனது. அவள் சொல்வாள் என்று ஒரு முறை நம்பாமல் ஏமாந்தவள் நான். இந்த முறை நம்பிக் காத்திருந்தேன்.

"சொகமா இருக்காண்ணு சொல்லட்டா?" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன்.